அடுத்த சொல்

ஏழாலை மேற்கு,
12.08.2023

அன்புள்ள அருந்ததி அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் இருக்கிறபடி இருக்கிறோம். பேர்கனில் குளிர் தொடங்குவதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். அத்தானின் முழங்கால் நோ இப்போது எப்படி? கீர்த்திகா எப்படி?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன் அடித்தால் செந்தூரன் நெற்றியைச் சுவரில் மோதுகிறான். அடிக்கும் சத்தத்தை நிறுத்தி வைத்தாலும் அதற்குள்ளிருந்து வரும் குரல் அவனுக்கு ஆகாது. போன மாதம் நீங்கள் எடுத்தபோது நான் பாதியில் வைத்ததும் அதனால்தான். அதோடு, போனில் நீங்கள் "சுகமோ?" என்பீர்கள், நான் "ஓம்" என்பேன், கதை முடிந்துவிடும். எழுதும்போது எனக்குப் பொய் வருவதில்லை.

இந்த மாதத்தோடு அவனுக்கு ஆறு வயது. ஓட்டிசம் என்று கிளினிக்கில் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறோம். பேச்சு என்று இருப்பது ஒரே ஒரு சொல். பின்னேரம் நாலு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ வரும். மழைச் சத்தத்துக்கும் காதைப் பொத்துகிற பிள்ளை அந்தப் பாட்டுக்கு மட்டும் படலைக்கு ஓடுவான். கம்பியைப் பிடித்துக்கொண்டு "பா" என்பான். அது பாண் என்று நான் நினைக்கிறேன். அப்பா என்று இவர் நினைக்கிறார். பாலாகவும் இருக்கலாம்.

அவன் சாப்பிடுவது ஐந்தே ஐந்து சாமான். பாண், வட்ட பிஸ்கற், பால் தேத்தண்ணி, யோகட், கதலிப்பழம். சோற்றைக் கண்டால் ஓங்காளிக்கிறான்.

நீங்கள் போனில் ஒன்று சொன்னீர்கள். கோதுமை மாவையும் பாலையும் அடியோடு நிறுத்தினால் இப்படியான பிள்ளைகளுக்குப் பேச்சு வரும் என்று. கீர்த்திகாவுக்கும் அதைத்தான் செய்தீர்கள் என்று அம்மா உயிரோடு இருந்தபோது சொன்ன ஞாபகம். அதை விபரமாக எழுதுங்கள் அக்கா. எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போல இருக்கிறது. வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கீர்த்திகா இங்கே வந்தபோது ஏழு வயது. இப்போது பத்தொன்பது அல்லவா? படம் ஒன்று வையுங்கள்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
கஜந்தினி


பேர்கன்,
03.09.2023

என் அன்புத் தங்கச்சி கஜந்திக்கு,

உன் கடிதம் சுகமாகக் கிடைத்தது. அத்தானுக்கு முழங்கால் பரவாயில்லை. மழை விடாமல் பெய்கிறது. கீர்த்திகா சுகம்.

நீ கேட்டதை எழுதுகிறேன், கவனமாக வாசி. முதலில் பால். பால்மா, யோகட், பட்டர், நெய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்து. மூன்று கிழமை போனபின் கோதுமை. பாண், பிஸ்கற் மட்டுமல்ல. கடைப் புட்டுக்குள்ளும் தோசைக்குள்ளும் கோதுமை மாக் கலப்பார்கள். பெருங்காயத்திலும் உண்டு. கோயிலில் தருவதை வாங்கி நீ சாப்பிடு, அவனுக்குக் கொடுக்காதே. ஆறு மாதத்துக்குக் குறையாமல் செய்ய வேண்டும். இடையில் ஒரு துணிக்கை உள்ளே போனாலும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இதை மறக்காதே.

டொக்டர்மார் இதை நம்ப மாட்டார்கள். அவர்களிடம் சொல்லி உன் மனதை உடைத்துக்கொள்ளாதே.

கீர்த்திகா ஐந்தாம் மாதம் "அம்மா" என்றாள். அன்று நான் குசினி நிலத்தில் இருந்து அழுதேன். அந்த நாள் உனக்கும் வரும்.

கோதுமை இல்லாத மா நாலு பைக்கற் பார்சலில் வருகிறது. அதில் பாண் சுடலாம். செய்முறையை எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

தைரியமாக இரு.
அக்கா அருந்ததி


ஏழாலை மேற்கு,
16.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குத் தடிமன், வேறொன்றுமில்லை. பார்சல் வந்தது.

பாலை நிறுத்தி இருபத்தைந்து நாள். மாவை நிறுத்தி நாலு நாள்.

பால் தேத்தண்ணிக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் கோப்பையைச் சுவரில் எறிந்தான். ஒன்பது நாள் அப்படியே எறிந்தான். பிறகு வெறும் தேத்தண்ணியைச் சீனி போட்டுக் குடிக்கத் தொடங்கினான். அதுவே எனக்குப் பெரிய காரியமாகத் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் எங்கள் சாப்பாட்டில் முக்கால்வாசியில் கோதுமையும் இல்லை, பாலும் இல்லை. அரிசிமாப் புட்டு, இடியப்பம், குரக்கன் ரொட்டி, ஒடியல் கூழ், சொதி. ஒவ்வொன்றாக எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினேன். முப்பத்தொரு சாப்பாடு வந்தது. அதில் ஒன்றையும் அவன் வாயில் வைக்கவில்லை. உங்கள் மாவில் பாண் சுட்டேன். கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசையில் மெதுவாக வைத்துவிட்டுப் போனான். எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நொந்திராது. உருளைக்கிழங்குப் பொரியலும் கதலிப்பழமும்தான் இப்போது உள்ளே போகிறது.

மாவை நிறுத்திய அன்றே இவர் சொன்னார்: "அஞ்சு சாமான் திண்டவன். நாலை நீர் எடுத்துப்போட்டீர். மிச்சம் என்ன கிடக்கு?"

"ஆறு மாதம் பொறுங்கோ. அக்கான்ரை பிள்ளை கதைச்சவளல்லோ."

"கதைக்கிறது இருக்கட்டும். அவன் சாப்பிட வேணும்."

பின்னேரத்தில்தான் கஷ்டம். பாட்டுக் கேட்டால் படலைக்கு ஓடுகிறான். பாண் கிடைக்காவிட்டால் கையைக் கடிக்கிறான். பாண் ஓட்டோக்காரர் கனிசியஸ் குருநகர் ஆள், நல்ல மனுசன். அவரை ஒழுங்கை முகப்பில் மறித்துச் சொன்னேன்.

"தங்கச்சி, பாட்டை நிப்பாட்டினால் நான் வந்தது மற்ற வீட்டாக்களுக்குத் தெரியாதே."

"என்ரை பிள்ளைக்காக அண்ணை. ஆறு மாதம்தான்."

"உங்கடை மகன் ஒராள்தான் நான் வரக்குள்ளை கை தட்டுறவன்" என்றார். இப்போது எங்கள் ஒழுங்கையில் பாட்டு இல்லாமல் போகிறார். செந்தூரன் நாலு மணிக்குப் படலையில் நிற்கிறான். இருட்டுமட்டும் நிற்கிறான்.

இந்த அழுகையெல்லாம் வழமைதானா? கீர்த்திகாவும் இப்படித்தான் அழுதாளா? படம் வைக்க மறந்துவிட்டீர்கள்.

அன்போடு,
கஜந்தினி


பேர்கன்,
05.11.2023

அன்புத் தங்கச்சி,

தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம்.

அழுகை நல்ல அறிகுறி. உடம்பில் ஊறியது வெளியேறுகிறபோது பிள்ளை அப்படித்தான் செய்யும். இரங்கிவிடாதே. நீ இரங்கினால் அவன் இவ்வளவு நாளும் பட்டதெல்லாம் வீண். பசித்தால் பிள்ளை சாப்பிடும். எந்தப் பிள்ளையும் பட்டினி கிடக்காது.

அவசரமாக எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிறது.

அக்கா


ஏழாலை மேற்கு,
28.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நாலு வரிக் கடிதம் கிடைத்தது. வேலை கூட என்று நினைக்கிறேன். உடம்பைக் கவனியுங்கள். இங்கே பத்து நாளாக மழை. வெங்காயத் தறைக்குள் தண்ணீர் நிற்கிறது. இவர் விடிந்தால் வாய்க்கால் வெட்டப் போய்விடுவார்.

முதலில் நல்ல செய்தி. செந்தூரன் அமைதியாகிவிட்டான். கையைக் கடிப்பதில்லை. நேற்று நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து இருந்தான். என் முகத்தைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற அளவுக்குப் பார்த்தான். முன்வீட்டு ஆசிரியை, "பிள்ளை எவ்வளவோ தேறிவிட்டான்" என்று சொல்லிப் போனா. நிறை மட்டும் குறைந்திருக்கிறது. சங்கக்கடைத் தராசில் நிறுத்தேன். பதினேழு கிலோ பதினைந்தே காலாகியிருக்கிறது. கிளினிக்குக்கு இரண்டு மாதமாகப் போகவில்லை. கேட்டால் என்ன சொல்வது?

இனி மற்றது.

போன வியாழக்கிழமை கிணற்றடி மோட்டர்க் கொட்டிலுக்கு இவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். செந்தூரன் அங்கே இவருடைய மடியில் இருந்தான். வாய் நிறையப் பாண். இவர் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மோட்டர்ப் பெட்டிக்குப் பின்னால் பாண் பேப்பர் நாலைந்து சுருட்டிக் கிடந்தது. அப்படியென்றால் அது முதல் நாள் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையின் தாடையைப் பிடித்தேன். விரலை விட்டுப் பாணைத் தோண்டி எடுத்தேன். அவன் கடித்தான். என் விரலில் இரத்தம் வந்தது, அது பாணிலும் பட்டிருந்தது. நான் விடவில்லை. கடைசித் துணிக்கை வரைக்கும் எடுத்தேன்.

இவர் என் கையைத் தட்டிவிட்டார். "உமக்கு என்ன பேயே பிடிச்சிருக்கு?"

"நாப்பத்திரண்டு நாள்! எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டியளே!"

"இஞ்சை பாரும். இந்த ஆறு வருசத்திலை என்னைக் கண்டு இவன் ஒருநாளும் ஓடி வந்ததில்லை. மற்றப் பிள்ளையள் தேப்பன்மாரின்ரை கழுத்திலை தொங்குறதைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன். இப்ப, உந்தப் பாண் துண்டுக்காகத்தான் எண்டாலும், ஓடி வாறான். மடியிலை இருக்கிறான். உதையும் ஏன் பறிக்கிறீர்?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து இவர் என்னோடு கதைப்பதில்லை. நீங்கள் சொன்னபடி எண்ணிக்கையை முதலாம் நாளிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இன்று ஆறாம் நாள்.

நான் செய்தது சரிதானே அக்கா? கீர்த்திகாவின் வாயிலிருந்து நீங்களும் அப்படி எடுத்ததுண்டா? உடனே எழுதுங்கள்.

கஜந்தினி


ஏழாலை மேற்கு,
06.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடத்தில் உங்களுக்கும் அத்தானுக்கும் கீர்த்திகாவுக்கும் நல்லது நடக்கட்டும். என் முந்தைய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தவறியதோ, அல்லது நான் எழுதியது உங்களை நோகச் செய்ததோ தெரியவில்லை. நோகச் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செந்தூரன் இப்போது படலைக்குப் போவதில்லை. கிறிஸ்மஸ் அன்று கனிசியஸ் அண்ணை மறதியில் பாட்டோடு ஒழுங்கைக்குள் வந்துவிட்டார். ஆனால் பிள்ளை தலையைத் தூக்கவில்லை. பாயில் படுத்தபடி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பா" என்று அவன் சொல்லிக் கேட்டு முப்பது நாளுக்கு மேலாகிறது. நான் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

முகம் கொஞ்சம் உப்பலாக இருக்கிறது. சதை வைத்துவிட்டான் என்று சனம் சொல்கிறது. எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இவர் பிள்ளைக்கு இப்போது ஒன்றும் ஒளித்துக் கொடுப்பதில்லை. ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கீர்த்திகா ஐந்தாம் மாதம் "அம்மா" என்றாள் என்று எழுதினீர்கள். அதற்குப் பிறகு என்ன சொன்னாள்? அடுத்த சொல் என்ன? வேறொன்றும் எழுத நேரமில்லாவிட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள். அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளைக் கடத்திவிடுவேன்.

கஜந்தினி


பேர்கன்,
24.01.2024

அன்புத் தங்கச்சி,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. இங்கே பனி முழங்காலளவு. அத்தான் பனி அள்ளி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கீர்த்திகா சுகம்.

ஒரு தெரிந்தவர் யாழ்ப்பாணம் வருகிறார். அவரிடம் விற்றமின் துளி இரண்டு போத்தல் கொடுத்துவிடுகிறேன். காலையில் ஐந்து துளி கொடு. முகம் உப்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கால் பாதத்தையும் ஒருக்கால் அமத்திப் பார். குழி விழுந்தால் டொக்டரிடம் காட்டு. இதைப் பிந்தாமல் செய்.

அடுத்த சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஏழாலை மேற்கு,
17.02.2024

மதிப்புக்குரிய மச்சாள் அவர்களுக்கு ஜெயதீபன் எழுதிக்கொள்வது,

நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இன்று ஒன்பதாம் நாள். போன கிழமை வெள்ளிக்கிழமை காலையில் பாயை விட்டு எழும்பி நின்றவன் அப்படியே மடிந்து விழுந்தான். கால் ஊன்றவில்லை. தூக்கியபோது பாதம் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. உங்கள் தங்கச்சி அதற்கு முதல் நாள்தான் உங்கள் கடிதத்தை வாசித்துப்போட்டு, காலை அமத்திப் பார்த்து, குழி விழுந்ததைக் கண்டு, எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறா. சொல்லப் பயம்.

நிறை பதின்மூன்றரைக் கிலோ. இரத்தம் மிகக் குறைவு. புரதமும் இல்லை, கல்சியமும் இல்லை என்றார்கள். மூக்கால் குழாய் விட்டுப் பால் கொடுக்கிறார்கள். பால்தான் மச்சாள்.

டொக்டர் நல்ல பெண்பிள்ளை. ஏசவில்லை. "மாவும் பாலும் ஒத்துவராத பிள்ளையள் இருக்கினம், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் உதை நிப்பாட்டினால் பேச்சு வரும் எண்டதுக்கு ஆதாரம் இல்லை. நிப்பாட்டுறதெண்டால் அதுக்குப் பதிலாய் என்ன குடுக்கிறதெண்டு எங்களைக் கேட்டிருக்கலாம். அஞ்சு சாமான் தின்னுற பிள்ளையிட்டை நாலைப் பறிச்சுப்போட்டு எங்களுக்குச் சொல்லாமல் இருந்திட்டியள்" என்றா. உங்கள் தங்கச்சி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

நான் அவவைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அவ உங்களுக்கு எழுதியிருப்பா, நான் ஒளித்துப் பாண் கொடுத்தது பற்றி. பிறகு நான் கொடுக்கவில்லை. அவவுக்குப் பயந்து இல்லை. ஒருநாள் அவன் அவவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கண்டேன். அன்றைக்கு எனக்கும் ஆசை வந்துவிட்டது. இவன் ஒருநாள் அப்பா என்று முழுதாய்ச் சொல்லுவான், அதை என் கையாலேயே கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். மார்கழி மாதம் அவன் என்னைத் தேடிக் கொட்டிலுக்கு வந்தான். என் சட்டைப் பொக்கற்றைத் தட்டிப் பார்த்தான். நான் கையை விரித்துக் காட்டினேன். போய்விட்டான். அதற்குப் பிறகு வரவில்லை.

உங்கள் தங்கச்சி யாரோடும் கதைக்கிறா இல்லை. நீங்கள் எழுதினால் வாசிப்பா. தயவுசெய்து உண்மையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜெயதீபன்


பேர்கன்,
06.03.2024

கஜந்தி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஜெயதீபனின் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்தேன்.

அடுத்த சொல் இல்லை.

"அம்மா" என்றாள், அது உண்மை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கதவைப் பார்த்துச் சொன்னாள். மூன்று கிழமை சொன்னாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது. எங்கேயோ ஒரு துணிக்கை போய்விட்டது, அதுதான் நின்றது என்று நினைத்தேன். முதலாம் நாளிலிருந்து எண்ணினேன். அப்படிப் பதினொரு வருடம் எண்ணினேன். குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். மற்றப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கொண்டுபோகவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, குப்பைப் பெட்டிக்குள் கையை விட்டு யாரோ கடித்துப்போட்ட பாண் துண்டை எடுத்துத் தின்றாள் என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் அந்த ஆசிரியையோடு சண்டை பிடித்தேன். ஏன் பார்க்காமல் விட்டாய் என்று.

அவள் வளர்ந்தாள், என்னைவிடப் பலமானாள். பூட்டை உடைத்தாள். என்னைத் தள்ளிவிட்டதில் எனக்குத் தோள் முறிந்தது. படியில் விழுந்தேன் என்று உங்களுக்குச் சொன்னேனே, அதுதான். இரண்டு வருடத்துக்கு முன் இங்குள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டோம். ஒவ்வொரு கடிதத்திலும் "கீர்த்திகா சுகம்" என்று எழுதினேன். அவள் சுகம்தான். அங்கே பாணும் சீஸும் சாப்பிடுகிறாள். கன்னத்தில் சதை வைத்திருக்கிறாள். சாப்பிடும்போது பாடுவது போல ஒரு சத்தம் போடுகிறாள். என் வீட்டில் அந்தச் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை பார்க்கப் போகிறேன். என்னைக் கண்டால் தட்டை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, திரும்பி இருந்து மறைக்கிறாள். நீ படம் கேட்டாய். எந்தப் படத்தை அனுப்புவது?

பிறகு ஏன் உன்னைச் செய்யச் சொன்னேன் என்று கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். செந்தூரன் சின்னவன். நான் பிந்தித் தொடங்கியிருப்பேன், எங்கோ பிழை விட்டிருப்பேன், நீ பிழை விட மாட்டாய் என்று நினைத்தேன். உன் பிள்ளை ஒன்று பேசினால், நான் என் பிள்ளையைப் பட்டினி போட்ட பதினொரு வருடத்துக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு உன் பிள்ளையைப் பயன்படுத்தினேன். நீ விரலை விட்டுப் பாணை எடுத்ததை வாசித்தபோது, நிறுத்து என்று எழுதப் பேனை எடுத்தேன். எழுதினால் மற்றதையும் எழுத வேண்டிவரும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளை எழும்பி நடந்தான் என்று ஜெயதீபன் ஒரு வரி எழுதினால் போதும்.

அருந்ததி


ஏழாலை மேற்கு,
21.04.2024

அக்காவுக்கு,

பிள்ளை நடக்கிறான். அந்த ஒரு வரியை நானே எழுதுகிறேன். இவருக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் தோள் இப்போது நோகிறதா?

முப்பத்துநாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது பதினைந்து கிலோ. தருகிற சத்துப்பாலை மணிக்கொரு கரண்டியாகக் கொடுக்கிறோம். இவர் ஊட்டினால்தான் குடிக்கிறான், நான் கிட்டப் போனால் வாயை இரண்டு கையாலும் பொத்துகிறான். நீங்கள் கீர்த்திகாவைப் பற்றி எழுதியதை வாசித்தபோது எனக்கு விளங்கிற்று. வாசிக்கமுன்பே விளங்கிற்று. பாணும் பிஸ்கற்றும் கொடுத்துப் பார்த்தோம். அவை என்னவென்றே தெரியாதவன் போல இருக்கிறான். "சொல்லும் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். முதல் அவன் உங்களை நம்பட்டும்" என்று பேச்சுப் பயிற்சி தருகிற பிள்ளை சொன்னா.

உங்களோடு கோபமில்லை என்று எழுத மூன்று தாள் எடுத்தேன். மூன்றையும் கிழித்தேன். இப்போது எழுதுவது வேறொன்று.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, மூக்குக் குழாயை எடுத்தபின், பக்கத்துக் கட்டிலுக்கு மயிலிட்டியில் இருந்து ஒரு தாய் வந்தா. மேர்சி என்று பெயர். பத்து வயதுப் பெண்பிள்ளைக்குக் காய்ச்சல். அந்தப் பிள்ளையும் எங்கள் பிள்ளைகளைப் போலத்தான். ஊசியைக் கண்டு கத்தினாள், கட்டிலை உலுக்கினாள், தாயின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். மேர்சி வேர்த்து விறுவிறுத்துப் போய் இருந்துவிட்டு, செந்தூரனைப் பார்த்தா. அவன் சுவரோடு சாய்ந்து, அசையாமல் இருந்தான்.

"உங்கடை பிள்ளையும் இப்பிடித்தானோ?"

"ஓம்."

"எவ்வளவு அமைதியாய் இருக்கிறான்! என்ன செய்தனீங்கள்? என்ன மருந்து?"

அவனுக்குக் கத்துவதற்குச் சத்து இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் ஏன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. "மருந்தில்லை. கோதுமை மாவையும் பாலையும் நிப்பாட்டினனாங்கள்" என்றேன்.

"அதாலை பேச்சு வருமாமோ?"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அக்கா. பார்த்திருக்கிறீர்கள், அது என்னுடைய முகம்தான். "சில பிள்ளையளுக்கு வருமாம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அன்று பின்னேரமே வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டி அவர்களை அனுப்பிவிட்டார்கள். நான் இவனுக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை பிள்ளையை இவரோடு விட்டுவிட்டு மயிலிட்டிக்குப் பஸ் எடுத்தேன். துறைமுகத்தில் வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு, மூன்று வீடு மாறி, கண்டுபிடித்தேன். மேர்சி என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு ஓடி வந்து கையைப் பிடித்தா.

"இண்டைக்கு இருவத்தொராம் நாள் தங்கச்சி. பால்மாப் பைக்கற் முழுக்க அயல் வீட்டுக்குக் குடுத்திட்டன்."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் பிள்ளையின் கால் வீங்கியது, மூக்கில் குழாய் விட்டது, நான் வாயைத் தோண்டியது, நீங்கள் எழுதியது. ஒன்றும் விடவில்லை. கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கேளுங்கோ என்று கும்பிட்டேன். அவ என் கையை விட்டுவிட்டா. உள்ளே பிள்ளை எதையோ நிலத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"உங்கடை பிள்ளைக்குச் சரிவரேல்லை. அதுக்காக என்ரை பிள்ளைக்கும் சரிவராது எண்டு சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றா. பிறகு கதவைச் சாத்தினா. கோபத்தோடு இல்லை, மெதுவாகத்தான் சாத்தினா.

திரும்பவும் தட்டினேன். திறக்கவில்லை. வீட்டு விபரத்தைக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறேன், யாரையாவது அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

மேர்சி கேட்டதில் பிழையில்லை. போன ஆவணியில் நீங்களே நேரில் வந்து, என் முன்னால் நின்று, கீர்த்திகாவைப் பற்றிய முழு உண்மையையும் சொல்லியிருந்தாலும், நானும் அதைத்தான் கேட்டிருப்பேன் அக்கா. கேட்டுவிட்டு, அடுத்த நாள் காலையில் பாலை நிறுத்தியிருப்பேன்.

கஜந்தினி